மறு: எண்ணெய்க் கசிவுக் கையேடு – 'மரபணு நோய்' என்ற சொல்

ஐயா, வணக்கம்.

> 'மரபணு நோய்' என்றே போட்டுவிடலாமே? எல்லோருக்கும் புரியும்.

எண்ணெய் பட்டு மரபணுவில் நேரும் கேட்டுக்கு அந்தப் பெயரா? புரியும், வேறொன்றாகப் புரியும். நான் இருப்பது கோத்தகிரி. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது அரிவாள் செல் சோகை, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் இரத்தசோகை. நீலகிரிப் பழங்குடியினரிடம் அந்தச் செல்கள் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதினார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் பிள்ளைக்குச் சோகை. இதை ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி, 'மரபணு நோய்' என்றாலே பெற்றவர் வழி வருவது என்று மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. கல்யாணப் பேச்சு வரைக்கும் அந்தச் சொல் போகிறது.

எண்ணெய் செய்யும் கேடு வேறு. கச்சா எண்ணெயில் பென்சீனும் பல வளைய ஹைட்ரோகார்பன்களும் உண்டு. பின்னவற்றில் சிலவற்றை வெளியேற்ற உடலின் நொதிகள் முயலும்போதே அவை வீரியம் கூடி டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கின்றன. செல் அதைச் சீர்செய்யப் பார்க்கும். தவறினால் பிழை தங்கிவிடும். 2002 நவம்பரில் ஸ்பெயினின் கலீசியா கடலில் 'பிரெஸ்டீஜ்' கப்பல் மூழ்கி 60,000 டன்னுக்கு மேல் எண்ணெய் கொட்டியது. துப்புரவில் இறங்கிய மீனவர்களை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்துச் சோதித்தபோது, வெள்ளணுக்களில் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) பிறழ்வு கூடுதலாக இருந்தது. சோதித்தது இரத்தத்தை; விந்தையோ கருமுட்டையையோ அல்ல. புற்றுநோய் பற்றிக் கவலைப்பட்டுத் தொடர்ந்து கண்காணிக்க அது போதும். 'பிள்ளைக்கும் வரும்' என்று எழுத அது ஆதாரமாகாது.

> 'மரபணு நச்சுத்தன்மை' இருக்கிறதே?

இருக்கட்டும். அது பொருளின் குணத்தைச் சொல்வது. உடம்பில் நேர்ந்ததைச் சொல்ல இன்னொரு சொல் வேண்டும். 'மரபணு ஊறு' என்கிறேன். நோய் என்றால் எப்படியும் வரலாம். ஊறு என்றதும் யார், எது விளைவித்தது என்ற கேள்வி கூடவே வந்துவிடும். எண்ணெய்க் கசிவில் கேட்கப்பட வேண்டிய கேள்வியும் அதுதான். 'உடற்செல் ஊறு', 'இனச்செல் ஊறு' (விந்து, கருமுட்டையில் நேர்வது) என்று பிரித்துச் சொல்லவும் வசதி. ஐம்புலனில் ஊறு என்றால் தொடுவுணர்வு என்றும் பொருள் உண்டு. ஆனாலும், கேடு என்ற பொருளில் 'ஊறு விளைவிக்கும்' என்று நாளிதழிலேயே வருவதால் குழப்பம் நேராது என்று நம்புகிறேன்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது எண்ணெயை வாளியில் அள்ளியவர்களும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே வீட்டுக்குள் எண்ணெய் புகுந்தவர்களும் படிக்கப்போகும் தாள் இது. அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குப் 'பரம்பரை நோய்' என்ற பெயரை நாம் வாங்கித் தந்துவிடக் கூடாது. மூன்றாம் பக்கத்துக்கு என் வரி:

"எண்ணெய் தோலில் பட்டாலும் அதன் ஆவியை மூச்சில் இழுத்தாலும் செல்களில் மரபணு ஊறு நேரலாம். இது பெற்றோர் வழி வந்த நோய் அன்று. எண்ணெய் அள்ளியவர்கள் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்."

'அன்று' வேண்டுமா, 'இல்லை' போதுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.