திருமலைக்காரரின் மான் அனுபவங்கள்: எடை குறைந்த ரவையும் தோள் உதையும்

உவர்மலையான்:
திருகோணமலைக் கோட்டை வாசலில் ஆட்களோடு பழகித் திரியும் மான்களைப் பற்றி இங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கனடாவிலிருந்து வந்த அத்தானோடு கோணேசர் கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு கொம்பன் அவர் கையிலிருந்த வாழைப்பழத்தை உருவிக்கொண்டது. அக்கா சிரித்தார். அத்தான் அதன் முன்தோளை உற்றுப் பார்த்து, "இதற்கு 125 தாராளம்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. 308 ரைபிளுக்குத் தோட்டாவைத் தானே நிரப்புகிறவராம். 15 வயது மகளோடு வேட்டைக்குப் போகிறார். ரவை என்கிற குண்டின் எடையைக் கிரெயினில்தான் சொல்வார்களாம். 180 கிரெயின் ரவையின் உதை அவளுடைய தோளைப் பெயர்க்கிறது என்று 125 கிரெயின் ரவை வைத்து, வெடிமருந்தையும் குறைத்து அடைக்கிறார். பிள்ளைக்கு நோகக்கூடாது என்று இரவிரவாகத் தராசில் மருந்து நிறுக்கிற தகப்பனை எப்படிக் குறை சொல்வது? ஆனாலும் பழம் கொடுத்த கை காயுமுன் அந்த மானை அளந்த பார்வை என்னை உறுத்துகிறது. வேட்டைக்குப் போகிற எல்லோரும் அப்படித்தான் பார்ப்பீர்களா?

கந்தளாய் வயல்காரன்:
எங்கள் அப்பாவிடம் பயிர்க் காவலுக்கு அனுமதி பெற்ற, சிதறு குண்டு சுடும் 12 போர் துவக்கு இருந்தது. பன்றியோ மானோ இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். ஒருநாள் விடியப்புறம் என்னிடம் தந்தார். வெடித்த வேகத்தில் வரம்பிலிருந்து சேற்றுக்குள் போய் விழுந்தேன். அப்பா ஓடி வந்து முதலில் துவக்கைத்தான் தூக்கினார். மான்கள் ஓடக்கூட இல்லை, நின்று பார்த்தன.

ஒட்டாவாவில் ஒரு திருமலை:
உவர்மலையான், ஆம், அப்படித்தான் பார்ப்போம். எங்கே சுட வேண்டும் என்று பார்க்காதவன்தான் மானைக் காயத்தோடு காட்டுக்குள் ஓட விடுகிறான். முன்பெல்லாம் உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே என் கண் மூடிக்கொள்ளும். எடை குறைந்த ரவைக்கு மாறிய பிறகுதான் மான் விழுவதைத் தொலைநோக்கிக்குள் கண்டேன்.

அத்தானிடம் சிலவற்றைச் சொல்லுங்கள். 180 கிரெயின் ஏறத்தாழ 11.7 கிராம், 125 என்றால் 8.1. ரவையை மட்டும் மாற்றி மருந்தை நிறைய அடைத்தால் அது இன்னும் வேகமாகப் போகும், உதை எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது. அதற்காக எந்த மருந்தையும் மனம்போல் குறைக்கவும் கூடாது. மெதுவாக எரியும் மருந்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் அழுத்தம் தாறுமாறாக ஏறித் துவக்கே வெடிக்கலாம். கையேட்டில் அச்சிட்ட அளவைத் தாண்டவும் வேண்டாம், அதற்குக் கீழே இறங்கவும் வேண்டாம். சிறு விலங்குகளுக்கென்று செய்த மெல்லிய ரவை மானின் தோள் எலும்பில் பட்டால் மேலோடு சிதறிவிடும், உள்ளே இறங்காது. மானுக்கென்று செய்ததை வாங்க வேண்டும். ரவை மாறினால் குறியும் மாறும், மறுபடி இலக்கில் சுட்டுச் சரிபார்க்க வேண்டும். வேகம் குறைந்தால் சுடும் தூரத்தையும் சுருக்க வேண்டும். பாரமான ரைபிளும் தோளில் படும் இடத்தில் நல்ல ரப்பர்த் தாங்கியும் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கிண்ணியா டீச்சர்:
ஒட்டாவாக்காரரே, அவர் கேட்டது ஒரு கேள்வி, நீங்கள் ஒரு பாடமே நடத்திவிட்டீர்கள். இதை வாசித்துவிட்டு இங்கே எவரும் தோட்டா நிரப்ப வெற்றுக் கோது தேடிப் புறப்பட வேண்டாம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, புள்ளிமானைத் தொட்டால் வழக்குத்தான்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு விருந்தில் ஆட்டிறைச்சி என்று பரிமாறினார்கள். பல்லில் கல்போல் ஏதோ கடிபட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு சின்ன ஈயக் குண்டு. ஆட்டை எவர் துவக்கால் அறுப்பார்கள்? வீட்டுக்கார அக்கா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். குண்டைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, பருப்புக்கறி மட்டும் போதும் என்றேன்.

ஒட்டாவாவில் ஒரு திருமலை:
டீச்சர், அது ரைபிள் ரவை அல்ல, சிதறு குண்டு. எந்த ஈயமானாலும் காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். நான் செம்பு ரவைக்குப் போனதும் அதனால்தான். எடை குறைவாக இருந்தாலும் அது சிதறாது. கந்தளாய்க்காரரே, 12 போரைத் தோளோடு இறுக்கிப் பிடித்து முன்னே சாய்ந்து நிற்க வேண்டும். அப்பா சொல்லித் தரவில்லையா?

கந்தளாய் வயல்காரன்:
தந்தார். நான் சேற்றுக்குள் கிடந்தபோது.