பேப்பர்ஸுக்குத் தனிச்சொல் வேண்டும்: ‘தாட்கட்டு’ சரிவருமா?

வணக்கம்.

பேப்பர்ஸ் (ஒருவரிடம் சேர்ந்த கடிதம், குறிப்பு போன்றவை), ரெக்கார்ட்ஸ் (ஓர் அலுவலகத்தின் அதிகாரபூர்வக் கோப்புகள்) இரண்டையும் தமிழில் ‘ஆவணம்’ என்றே விட்டுவிடலாம், எதற்கு வம்பு என்று இந்தக் குழுவில் போன மடலில் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க செனட்டர் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அங்கேயே இடிக்கும். பேப்பர்ஸ் அவர் சொத்து, ரெக்கார்ட்ஸ் அரசின் சொத்து.

டேனியல் பேட்ரிக் மொய்னிஹானையே எடுத்துக்கொள்வோம். 1973-75இல் டெல்லியில் அமெரிக்கத் தூதர், பிறகு 1977 முதல் 2001 வரை நியூயார்க்கின் செனட்டர். செனட்டராக அவர் அலுவலகத்தில் சேர்ந்த கடிதமும் குறிப்பும் அவருக்கே சொந்தம்; அவை இப்போது காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் 1993-95இல் அவர் தலைமை வகித்த நிதிக் குழுவின் கோப்புகள் செனட்டுடையவை, அவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும், பொதுவாக 20 ஆண்டு கழித்துத்தான் திறப்பார்கள். தூதராக அனுப்பிய தந்திகளோ வெளியுறவுத் துறைக்குச் சொந்தம். ஆள் ஒருவர்தான், உரிமையாளர் மூன்று பேர்!

அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் கோப்புகளை 1978ஆம் ஆண்டுச் சட்டம் அரசுடைமை ஆக்கிவிட்டது. செனட்டர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. 2008இல் இரு அவைகளும் ‘பத்திரமாக வைத்து ஆய்வுக்குக் கொடுங்கள்’ என்று ஒரு தீர்மானம் போட்டன, அதுவும் வேண்டுகோள்தான். ஒரு செனட்டர் நினைத்தால் தன் பேப்பர்ஸ் எல்லாவற்றையும் குப்பையில் போடலாம்.

ஆகவே ரெக்கார்ட்ஸ் ‘ஆவணம்’ ஆகவே இருக்கட்டும். பேப்பர்ஸுக்கு இந்தக் குழுவில் முன்மொழியப்பட்ட ‘தனித்தாள்’ எனக்கு ஒட்டவில்லை, ஒற்றைத் தாள் என்று படுகிறது. வெறும் ‘மொய்னிஹான் தாள்கள்’ என்றால் யாரோ திருத்தக் காத்திருக்கும் விடைத்தாள் மாதிரி. ‘தாட்கட்டு’ என்று வைக்கலாமா? நாட்குறிப்பு போலப் புணர்ச்சி சரியாக வருகிறது, சுவடிக்கட்டு, கோப்புக்கட்டு என்று நமக்குப் பழகிய ‘கட்டு’தான். ஒலிநாடாவும் புகைப்படமும் தாளா என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் அவற்றையும் சேர்த்துத்தானே பேப்பர்ஸ் என்கிறார்கள், அவர்களுக்கு உள்ள சலுகை நமக்கும் உண்டு.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் ‘கட்டு’ என்றால் சின்னதாகத் தோன்றுமோ? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று காட்டும் ஃபைண்டிங் எய்டுக்குத் ‘தேடுபட்டியல்’ என்று விக்சனரியில் (இணைய அகராதி) சேர்க்கப் போகிறேன், மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதிவிடுங்கள்.