பள்ளத்தில விழேக்க காரின்ர முன்பக்க இடப்புறம் "டக் டக்"

உப்புவெளியில இருந்து நிலாவெளிக்குத் தினமும் ஓடுறன். 20 கிலோமீற்றர் வேகத்தில சின்னப் பள்ளம் வந்தாலே "டக் டக்". வேகம் கூடினா கேட்காது. கராஜில சொக் அப்சோபர் ரெண்டும் மாத்தியாச்சு, சத்தம் அப்படியே. அம்மாவை கிளினிக்குக்கு ஏத்திப் போற கார், பயமா இருக்கு.

— தம்பி, வேகத்தடையில ரெண்டு சக்கரமும் ஒண்டா ஏறேக்கயும் கேக்குதா?

— இல்லை அண்ணா. ஒரு சக்கரம் மட்டும் விழேக்கதான்.

— அப்ப முதல்ல ஸ்டெபிலைசர் லிங்கைப் பாருங்க. வளைவில கார் சாயாம வச்சிருக்கிற ஸ்டெபிலைசர் பார் எண்ட கம்பியைச் சக்கரப் பக்கத்தோட இணைக்கிற சின்னத் தண்டு அது. ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினா அந்தக் கம்பி முறுகாது, லிங்கும் பேசாம இருக்கும். லிங்க் முனையில ரப்பர் கவர் வெடிச்சிருக்கா எண்டு பாருங்க. நம்மட கடற்கரைப் பக்கம் உப்பு உள்ள போனா அதுக்குள்ள இருக்கிற போல் ஜொயின்ற் (உருண்டை மூட்டு) கெதியில துருப்பிடிச்சு ஆடும். சந்தேகமெண்டா ரெண்டு லிங்கையும் கழட்டி வச்சிட்டு, மெதுவா ஒரு சுற்று ஓடுங்க, வளைவில கவனம். சத்தம் நிண்டா அதுதான்.

— பிறேக் பிடிக்கேக்க ஒரே ஒரு "டொக்" வந்தா லோவர் ஆம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடிக்கிற கீழ்க் கையில இருக்கிற ரப்பர். புதுசு போட்டா, கார் நிலத்தில நிக்கேக்க நட்டை இறுக்கச் சொல்லுங்க. ஜக்கில தொங்கேக்க இறுக்கினா ரப்பர் முறுகிக் கிழிஞ்சிடும்.

— அண்ணா, இடப்பக்க லிங்க் கையால ஆட்டவே ஆடுது! ரெண்டையும் மாத்திட்டன், சாம்பல்தீவு வரை ஓடினன், ஒரு சத்தமும் இல்லை. நன்றி.