கண்ணாமூச்சியில் நான் ஏமாந்த கதை: ஓடியாடும் விளையாட்டும் குழந்தைகளின் சிந்தனையும்

தொடங்கிய பதிவு (ஒரு தந்தை)

என் மகளுக்கு மூன்று வயது நடந்தபோது, கொடியில் காயும் போர்வைதான் அவளுக்குத் தெரிந்த ஒரே மறைவிடம். நான் பத்து வரை எண்ணிவிட்டுத் திரும்பினால், போர்வைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்களும் நீலச் செருப்பும் அப்பட்டமாகத் தெரியும். "பாப்பா எங்கே?" என்று கேட்டால், "இங்கதான் இருக்கேன்" என்று பதிலும் வரும். சில நாள்களில் ஒளியவே மாட்டாள். நின்ற இடத்திலேயே இரு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொள்வாள். தனக்கு எதுவும் தெரியாவிட்டால் தானும் யாருக்கும் தெரியமாட்டோம் என்று அவள் எண்ணுவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். 2012-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்த பிறகுதான் விஷயம் அதைவிட நுட்பமானது என்று புரிந்தது. கண்ணைப் பொத்திக்கொள்ளும் குழந்தைகள் தங்கள் உடல் பிறருக்குத் தெரிவதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் கண்ணும் கண்ணும் சந்தித்தால்தான் 'என்னை'ப் பார்த்துவிட்டார்கள் என்று கொள்கிறார்களாம்.

நாலரை வயதில் ஒருநாள், அதே போர்வை, அதே நீலச் செருப்பு. பூனைபோல் அடியெடுத்துப் போய்ப் போர்வையை விலக்கினால், செருப்பு மட்டும் ஒழுங்காக ஜோடி சேர்ந்து நிற்கிறது. மாடிப்படிக்கு அடியிலிருந்து அடக்க முடியாத சிரிப்புச் சத்தம். செருப்பைக் கண்டால் அப்பா என்ன நினைப்பார் என்பதை அவள் முன்கூட்டியே யோசித்து, என் மனத்துக்குள் ஒரு தவறான எண்ணத்தை வேண்டுமென்றே உருவாக்கியிருக்கிறாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. நூறு முறை பிடிபட்ட அனுபவம்தான் சொல்லித்தந்தது என்று நினைக்கிறேன். 2003-இல் வெளியான வேறோர் ஆய்விலும், கண்ணாமூச்சி ஆட்டத்தில் மூன்று வயதினரில் பெரும்பாலோர் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்தார்கள். ஐந்து வயதினரில் பெரும்பாலோர் சரியாக ஒளிந்தார்கள். உங்கள் குழந்தைகளிடம் இத்தகைய திருப்பத்தைக் கண்டதுண்டா?

மறுமொழி (மழலையர் வகுப்பு ஆசிரியை)

ஐயா, உங்கள் மகளின் செருப்பைப் படித்துச் சிரித்தேன். நான் சொல்ல விரும்புவது ஒரு கையைப் பற்றி.

எங்கள் வகுப்பில் ஒரு தலைகீழ் விளையாட்டு உண்டு. நான் "தலையைத் தொடு" என்றால் பிள்ளைகள் கால்விரலைத் தொட வேண்டும். "கால்விரல்" என்றால் தலையை. ஏறக்குறைய இதே ஆட்டத்தைத்தான் பள்ளி செல்லும் வயதில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள். எதையும் கேட்ட மாத்திரத்தில் செய்துவிடும் துடுக்கான ஒரு சிறுவன் இருந்தான். முதல் சில வாரங்கள் அவன் கை நேராகத் தலைக்கே போகும். ஒருநாள் "தலை" என்றேன். கை கிளம்பியது, காதுக்கு அருகே அந்தரத்தில் நின்றது, உதடுகள் எதையோ முணுமுணுத்தன, பிறகு மெதுவாகக் கீழே இறங்கிக் கால்விரலைத் தொட்டது. இரண்டு நொடிகூட இருக்காது. சற்றுமுன் கேட்ட விதியை மனத்தில் ஏந்திக்கொள்வதும், தானாகக் கிளம்பிய அசைவைப் பிடித்து நிறுத்துவதும், மாற்றாக வேறொன்றைச் செய்வதும் அந்தக் கையில் எனக்குக் கண்கூடாகத் தெரிந்தன. இந்தக் கட்டுப்பாட்டுக்குத் துணைநிற்கும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதுக்கு மேலும் ஆகும் என்பதை நினைத்தால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று விளங்கும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் தவறு செய்தவர்களை 'அவுட்' என்று ஓரமாக உட்கார வைப்பேன். அப்படி உட்கார்ந்தவர்கள் எப்போதும் அதே நான்கைந்து பேர்தான், அதாவது அந்தப் பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களேதான், என்பது எனக்கு உறைக்க ஓர் ஆண்டு ஆயிற்று. இப்போது யாருக்கும் அவுட் கிடையாது. விதி மட்டும் அடிக்கடி மாறும்.

இன்னொன்று. "ஆடாமல் அசையாமல் நில்" என்றால் என் பிள்ளைகளால் அரை நிமிடம் தாங்க முடியாது. "நீதான் கோட்டைக் காவலன்" என்றால் அவர்களே சிலையாகிவிடுவார்கள். ரஷ்யாவில் 1948-இலேயே மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்.

மறுமொழி (ஒரு தாத்தா)

நான் படித்தவற்றைச் சொல்லப் போவதில்லை, கெடுத்ததைச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களுமாக ஆறேழு பேர் தொட்டுப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "தொட்டுட்டேன்", "தொடவே இல்லை" என்று சண்டை முற்றியதும், பெரியவன் என்ற முறையில் உள்ளே புகுந்து தீர்ப்புச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் ஆட்டமே கலைந்தது; எல்லோரும் புகார் கொடுப்பவர்களாகிவிட்டார்கள், விளையாடுபவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சண்டை நேற்றைவிட நீளமாகவே நடந்தது. பிறகு, முதுகில் தொட்டால்தான் செல்லும், தொடும்போது பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். எல்லோரையும்விடச் சின்னவள் ஒப்புக்குச் சப்பாணி. அவளைப் பிடித்தால் கணக்கில் சேராது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். கோலி ஆடும் சிறுவர்களைக் கவனித்து, சுவிஸ் உளவியலாளர் பியாஜே 1932-இல் எழுதியதும் இதைத்தானே: விதி என்பது பெரியவர்கள் கையில் கொடுக்கும் கட்டளையல்ல, கூடி ஆடுபவர்கள் ஒப்புக்கொண்டால் மாற்றக்கூடியது என்ற தெளிவு மெல்ல மெல்லத்தான் வருகிறது. (படித்ததைச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.)

மறுமொழி (ஓர் அம்மா)

எல்லோரும் மகிழ்ச்சியாக எழுதியிருக்கும் இடத்தில் நான் மட்டும் முரண்படுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். 'மூளை வளர்ச்சி விளையாட்டு' என்று விளம்பரம் செய்த ஒரு பயிற்சி வகுப்பில் என் மகனைச் சேர்த்தேன். அங்கே எல்லா ஆட்டத்திலும் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், அடுத்து என்ன என்பதைப் பயிற்றுநரே விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் பையன் கீழ்ப்படிதலில் தேறினான். யோசிப்பதற்கு அவனுக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை. ஓடினால் கணக்கு வரும், தாண்டினால் மதிப்பெண் கூடும் என்று பேசுவதையும் நான் நம்புவதில்லை. ஓர் ஆட்டத்தில் பழகிய திறன் அப்படியே வேறொரு வேலைக்குக் கைமாறும் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஆனால் வகுப்பை நிறுத்திய பிறகு, தரையில் தானே கோடு கிழித்து நொண்டி ஆடத் தொடங்கினான். ஓட்டத்தில் எப்போதும் பின்தங்குபவனுக்கு அது பிடித்துப்போயிற்று. கல்லை எறிந்துவிட்டு, முதல் கட்டத்தில் கால் வைப்பதற்கு முன்பே, "ஒண்ணு, ரெண்டு, மூணுல கல்லு, அதைத் தாண்டணும், திரும்பி வரும்போது குனியணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். இரண்டு வாரம் கழித்து வாய்விட்டுச் சொல்வது நின்றது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. அந்தப் பேச்சு உள்ளே போய்ச் சிந்தனையாகிவிடுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதை நான் படித்தது அதற்குப் பிறகுதான்.

மறுமொழி (ஆசிரியை)

அம்மா சொல்வது சரி. மூன்று, நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த நேரம் முழுவதையும் நாமே நடத்த வேண்டும் என்று சொல்லவில்லை.

தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போர்வைக்குக் கீழே நீலச் செருப்பு மறுபடியும் தெரிந்தது. பழைய தந்திரம்தானே என்று நேராக மாடிப்படிக்கு அடியில் போய்க் குனிந்தேன். அங்கே யாரும் இல்லை. நிமிர்ந்து திரும்பியபோது, அந்தச் செருப்பு போர்வைக்குப் பின்னாலிருந்து என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது.