பழைய கதவுநிலையில் புதுக் கதவு: இழைப்பதா, கீலை மாற்றுவதா?

வணக்கம். கோலாலம்பூர், செந்தூல் பக்கம் பழைய அடுக்குமாடி வீடு. படுக்கையறைக் கதவின் அடிப்பகுதி உப்பிப் போனதால் போன மாதம் கதவுப் பலகையை மட்டும் மாற்றினேன். மரநிலை பழையதுதான், செங்கல் சுவரோடு பிடித்திருக்கிறது.

பிரச்சினை இதுதான். கதவைச் சாத்தினால் பூட்டுப் பக்கத்து மேல்மூலை நிலையில் உரசுகிறது. கீல் பக்கம் மேலே இடைவெளி நன்றாகவே தெரிகிறது, கீழே ஒரு தாள்கூட நுழையாது. கையை எடுத்தால் கதவு தானாகத் திறந்துகொள்கிறது.

பலகை உள்ளே பொள்ளலான பிளைவுட் வகை, 813 மில்லிமீட்டர் அகலம். 4 அங்குலக் கீல் மூன்று, பழைய வெட்டுப் பள்ளத்திலேயே. தூக்குக்குண்டு (செங்குத்து பார்க்கும் நூல்குண்டு) விட்டுப் பார்த்தேன்: கீல் பக்கத்து நிலைக்கால் மேலிருந்து கீழே வருவதற்குள் 6 மில்லிமீட்டர் சாய்கிறது.

மேல் கீலுக்கு நீளமான ஸ்குரு போட்டேன். கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். அப்புறம் கீழ்க் கீலுக்குப் பின்னால் அட்டை வைத்தேன். பக்கத்து உரசல் குறைந்தது, ஆனால் மேல்மூலை இப்போது தலைச்சட்டத்தில் இடிக்கிறது. இழைப்புளி போடலாம்தான், ஆனால் இந்த வகைக் கதவில் ஓரக்கட்டை ஒல்லி. அதிகம் சீவினால் பூட்டுக்குப் பிடிமானம் இருக்காது. ஹார்ட்வேர் கடைக்காரர் நிலையையே பெயர்க்கச் சொல்கிறார். தரை ஓடு உடையும், எனக்கு அதில் இஷ்டமில்லை.

தச்சு வேலை தெரிந்த அண்ணன்மார்களே, பழைய பள்ளங்களை மரத்துண்டால் அடைத்து, தூக்குக்குண்டு நேருக்குக் கீல்களைப் புதிதாக வெட்டிப் பதித்தால் இது சரியாகுமா?