உண்மையான முடிவுக்கு ஏன் மதிப்பெண் இல்லை?

கேள்வி:
நொதியின் செயல்வேகத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைந்த கிராஃப். 10, 20, 30, 40, 50, 60 டிகிரி செல்சியஸில் வேகம் முறையே 4, 9, 17, 26, 19, 3. தரவு ஆதரிக்கும் முடிவு எது?
அ. 10 முதல் 40 வரை அளந்த இடங்களில் வேகம் கூடுகிறது.
ஆ. உகந்த வெப்பநிலை 40.
இ. 70-இல் வேகம் சுழியம்.
ஈ. 40-க்கு மேல் நொதி உருக்குலைவதால் வேகம் குறைகிறது.
விடைக்குறிப்பில் 'அ' மட்டும். 'ஈ' பாடத்திலேயே இருக்கிறதே, எப்படித் தப்பாகும்?

பதில் 1:
தப்பில்லை, இந்த கிராஃபில் இல்லை, அவ்வளவுதான். அச்சுகளைப் பாருங்கள்: ஒன்றில் வெப்பநிலை, மற்றதில் வேகம். நொதியின் வடிவத்தை யாரும் அளக்கவில்லை. சூட்டோடு கரைசலின் பி.எச். மாறியிருந்தாலும் வேகம் குறையும். 'ஆல்', 'காரணமாக' என்று வந்தாலே அடிக்கோடு போட்டு, அந்தக் காரணம் எந்த அச்சில் இருக்கிறது என்று தேடுங்கள். 60-இல் வைத்த நொதியை 40-க்கு ஆறவிட்டு மறுபடி அளந்து, வேகம் திரும்பவில்லை என்றால் 'ஈ'-க்கு ஓரளவு ஆதாரம் கிடைக்கும்.

'ஆ'-வில்தான் பலர் வழுக்குவார்கள். 30-க்கும் 50-க்கும் நடுவே ஒரே புள்ளி. உச்சி 37-இலும் இருக்கலாம், 44-இலும் இருக்கலாம். புள்ளிகளை இணைக்கும் கோடு வரைந்தவர் போட்டது, அளந்தது அல்ல. அந்த இடைவெளியில் 2 டிகிரிக்கு ஒருமுறை அளந்தால் உச்சி பிடிபடும்.

பதில் 2:
50, 60 புள்ளிகளை நீட்டினால் 70-க்குள் சுழியம் வந்துவிடுகிறதே. 'இ'-யை ஏன் ஏற்கக்கூடாது?

பதில் 3:
நீட்டிப் பாருங்கள்: 10 டிகிரிக்கு 16 குறைகிறது, ஆக 70-இல் கழித்தல் 13! அப்படியொரு வேகம் இங்கே கிடையாது. கோட்டை நீட்டியது செல்லாது என்று அந்த எண்ணே சொல்கிறது. 'இன்னும் குறையலாம்' என்பது ஊகம், 'சுழியம்' என்பது அளக்காத எண். டிரெண்ட் லைன் (புள்ளிகளின் போக்கைக் காட்டப் போடும் கோடு) நன்றாகப் பொருந்தினாலும் நம்பிவிடாதீர்கள். புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973-இல் தந்த நான்கு தரவுத் தொகுப்புகளுக்கும் ஒட்டுறவுக் கெழு (புள்ளிகள் நேர்கோட்டை எவ்வளவு ஒட்டி இருக்கின்றன என்று காட்டும் எண்) ஏறத்தாழ 0.816, கோட்டின் சமன்பாடும் ஒன்றே. வரைந்தால் அவற்றில் ஒன்று அப்பட்டமான வளைவு.

'அ'-வையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் எத்தனை அளவீட்டின் சராசரி? எர்ரர் பார் (அளவீடு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் கோடு) 3 அலகு மேலும் கீழும் போனால், 4-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் ஆட்டம் காணும். 4-இலிருந்து 26-க்கு ஏறியது அப்போதும் நிற்கும்.