இராமேஸ்வரத்தில் கலாம் வளர்ந்த வீடு: பிள்ளைகளுடன் செல்ல ஆலோசனை தேவை

தக்கலையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் வளர்ந்த வீட்டைக் காட்ட நானும் என் கணவரும் விரும்புகிறோம். பேக்கரும்பு நினைவிடத்தைப் பார்த்தால் போதும், வீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சென்று வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:
அக்கா, வீட்டைத் தவறவிடாதீர்கள். பள்ளிவாசல் தெருவில், அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒட்டி நிற்கும் அந்த வீடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்டது. பின்னாளில் மாடிகள் எழுப்பப்பட்டதால் பழைய தோற்றம் முழுமையாக இல்லை என்பது எனக்கு வருத்தமே. ஆயினும், மாடிப்படி ஏறிச் சென்றால் அவர் பெற்ற விருதுகளும், புகைப்படங்களும், 1997-இல் வழங்கப்பட்ட பாரத ரத்னாவைப் பற்றிய செய்திகளும் காட்சிக்கு இருக்கின்றன. குறுகிய இடம் என்பதால் கூட்டம் சேருமுன் காலையிலேயே செல்வது நல்லது. கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் வழியாகச் செல்லும் இராமேஸ்வரம் விரைவு ரயிலில் இரவு ஏறினால், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தையும் பிள்ளைகள் பார்த்துவிடலாம்.

குளச்சலிலிருந்து:
கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கலாமின் தந்தை ஜைனுலாப்தீன், யாத்திரிகர்களை தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல மரப்படகு ஒன்றைக் கட்டினார். அதையும் ஒரு புயல் கொண்டுபோனது. வள்ளம் போனால் ஒரு வீட்டில் அடுப்பெரிவது எப்படி என்பதை எங்கள் ஊரில் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயில் இராமேஸ்வரத்தில் நிற்காமல் சென்றதால், ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி விநியோகிக்க உதவிய சிறுவன், அந்த வீட்டிலிருந்துதான் புறப்பட்டான். இவற்றைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் கண்ணாடிப் பெட்டிகளை மட்டும் பார்த்துத் திரும்புவார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் நினைவிடத்தையும் விட வேண்டாம். 2015 ஜூலை 30 அன்று அவர் நல்லடக்கம் செய்யப்பட்ட இடம் அது. ஊருக்குள் வரும் நெடுஞ்சாலையிலேயே இருப்பதால் திரும்பும்போது இறங்கிப் பார்க்கலாம். நேரம் இருந்தால், நமக்கு மிக அருகில் திருவனந்தபுரத்தை அடுத்துள்ள தும்பாவுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட்டுக்கான பணிகளில் இளம் பொறியாளராக அவர் பங்கேற்றார். அப்போது பணியிடமாக இருந்த தேவாலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக உள்ளது. அடையாள அட்டைகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.